ஐந்து தட்டு மாமன்

என் தம்பியைப் பழிவாங்குவதற்காகத்தான் நான் இணையத்தில் வியாபாரம் தொடங்கினேன். சுயதொழில் கூட்டங்களுக்குப் பேசக் கூப்பிடும்போது இதைச் சொல்வதில்லை. குடும்பத்துக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று ஆரம்பித்தேன் என்பேன். கை தட்டுவார்கள், சால்வை போர்த்துவார்கள். இங்கே எதற்குப் பொய்? வயிறு எரிந்தது, ஆரம்பித்தேன்.

எங்கள் ஊர் கீழ்வேளூருக்குப் பக்கம். அப்பா போன பிறகு வாய்க்கால் ஓரத்து நிலம் எனக்கும் தம்பிக்கும் பொதுவாக இருந்தது. ஊரில் பாதி இளவட்டங்கள் சிங்கப்பூர், துபாய் என்று கிளம்பிக்கொண்டிருந்த காலம். இவனுக்கும் கால் தரையில் நிற்கவில்லை. ஏஜென்ட்டுக்குக் கட்ட நிலத்தை விற்க வேண்டும், விற்க வேண்டுமானால் நானும் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். என் பாகம் என்று ஒரு பைசா கேட்கவில்லை. எங்கள் பக்கம் பெண் பிள்ளை அப்படிக் கேட்கிற வழக்கம் இல்லை. அதற்கு ஈடாகத்தான் பிறந்த வீட்டுச் சீர் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அவள் பிள்ளைக்குக் காது குத்துவதிலிருந்து கல்யாணம் வரைக்கும் தாய்மாமன் தட்டோடு முன்னால் வந்து நிற்க வேண்டும். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் அவனே என் கையைப் பிடித்துக்கொண்டு, உன் மகள் விசேஷத்துக்கு ஊரே வாயைப் பிளக்கிற மாதிரி சீர் கொண்டுவருவேன் என்று கண் கலங்கினான். நானும் சேர்ந்து கலங்கினேன். நல்ல கூத்து.

மகள் பெரியவளானாள். மஞ்சள் நீராட்டுக்கு நாள் குறித்து, அவனுக்குப் போன் மேல் போன் போட்டுச் சொன்னேன். லீவு கிடைக்கவில்லை, சீர் மட்டும் கட்டாயம் வந்துவிடும் என்றான். விசேஷத்தன்று காலை பந்தல் நிறைந்துவிட்டது. தண்ணீர் ஊற்றி, பிள்ளையை ஈரத் தலையோடு உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள். மாமன் கொண்டுவரும் புடவையைக் கட்டித்தான் அவள் வெளியே வந்து மணையில் உட்கார வேண்டும். மாமனும் இல்லை, புடவையும் இல்லை. என் நாத்தனார், அதாவது வீட்டுக்காரரின் அக்கா, வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டே, "மாமன் சீர் இன்னும் ஏரோப்ளேன்லதான் வருதா?" என்று நாலு பேர் காதில் விழக் கேட்டாள். சிரித்தார்கள்.

நான் கொல்லைப்புறமாக ஓடினேன். கடைத்தெருவில் ஒரு ரோஸ் பட்டுப்புடவை, பழம், பூ, தேங்காய், வெற்றிலை பாக்கு எல்லாம் வாங்கி, பூக்காரம்மாவிடம் கெஞ்சி, அவருக்குத் தெரிந்த பெண்கள் நாலு பேரிடம் தட்டைக் கொடுத்து, சிங்கப்பூரிலிருந்து தம்பி ஆள் மூலம் அனுப்பியிருக்கிறான் என்று சொல்லி வாசல் வழியாக வரவைத்தேன். நானே வாங்கிய சீரை நானே வாசலில் நின்று வாய் நிறையச் சிரித்து வாங்கினேன். நாத்தனார் புடவைப் பையைத் திருப்பிப் பார்த்தாள். என் காதோரம் வந்து, "சிங்கப்பூர்லயும் நம்ம கடைத்தெரு பைதான் குடுக்குறாங்க போல" என்றாள். என் மகளுக்கு எதுவும் தெரியாது. மாமா எடுத்துக் கொடுத்தது என்று அந்தப் புடவையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

சாயங்காலம் தம்பிக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். நீ அனுப்பியதாகத்தான் பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறேன், ஒரு வார்த்தை அவளிடம் பேசு என்றேன். அவன் சிரித்தான். "நல்ல வேலை பண்ணுனக்கா. இந்தக் காலத்துல யாரு இதெல்லாம் பாக்குறா" என்று சொல்லிவிட்டு, வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உன்னை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்கவில்லையென்றால் நான் எங்கள் அப்பனுக்குப் பிறந்தவள் இல்லை என்று அடுப்படியில் நின்று சொல்லிக்கொண்டேன். அதன் பிறகு அவனோடு பேசவில்லை.

தலைகுனிய வைக்க வேண்டுமென்றால் முதலில் நம் தலை நிமிர வேண்டும். வீட்டுக்காரர் உரக்கடையில் வேலை பார்த்தார். அந்தச் சம்பளத்தில் தலை நிமிராது. என்னிடம் இருந்தது கேமரா வைத்த செல்போன் ஒன்றும், திருவாரூர் பிரௌசிங் சென்டரில் மதிய நேரத்துக் குறைந்த கட்டணமும்தான். இணையத்தில் இலவசமாகப் பக்கம் திறக்கலாம் என்று அங்கே கற்றுக்கொண்டேன்.

முதலில் வடகமும் மோர்மிளகாயும் போட்டேன். சென்னையிலிருந்து ஒருவர் கேட்டார். ஆசை ஆசையாக மூட்டை மூட்டையாக மிளகாய் வாங்கிக் காயவைத்தேன். கூரியரில் போன வடகம் நொறுங்கித் தூளாகப் போய்ச் சேர்ந்தது. அவர் அதைப் படம் எடுத்து, இது என்ன பொடி, சாதத்தில் போட்டுச் சாப்பிடலாமா என்று கேட்டிருந்தார். மிச்ச மிளகாயை நாங்களே ஒரு வருஷம் தின்றோம். அடுத்தது, வெளிநாட்டில் இருப்பவர்களின் வயலைப் போய்ப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பும் வேலை. குறுவை எப்படி நிற்கிறது, வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா என்று அவர்கள் அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம். யோசனை நல்ல யோசனைதான். குத்தகைக்காரர்தான் வரப்பிலேயே என்னை மறித்துக்கொண்டு, வேவு பார்க்க வந்தாயா என்று சத்தம் போட்டார். அவர் வீட்டம்மா இன்றைக்கும் என்னைக் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுகிறார்.

இரண்டும் ஊற்றிக்கொண்டதில் ஒன்று புத்தியில் ஏறியது. சரக்கை வாங்கி வைத்துக்கொண்டு ஆளைத் தேடக் கூடாது. ஆள் இருக்கிறானா என்று முதலில் பார்த்துவிட வேண்டும், பிறகுதான் சரக்கில் கை வைக்க வேண்டும்.

அப்போதுதான், அன்று நான் கொல்லைப்புறமாக ஓடிய ஓட்டத்தை இன்னும் எத்தனை அக்காமார் ஓடுகிறார்களோ என்று தோன்றியது. எங்கள் பக்கம் தெருவுக்கு ஒரு மாமன் கடல் தாண்டித்தானே இருக்கிறான்? பாத்திர வாடகைக் கடையில் பித்தளைத் தட்டுகளைக் கொஞ்ச நேரத்துக்குக் கேட்டு வாங்கினேன். பழக்கடைக்காரரிடம் சொல்லிப் பழத்தை அடுக்கினேன். படம் பிடித்துக்கொண்டு, பழத்தையும் தட்டையும் அவரவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த ஒரு படத்தை என் இணையப் பக்கத்தில் போட்டு, அடியில் எழுதினேன்: "மாமனுக்கு லீவு இல்லையா? உங்க அக்கா வாசல்ல தலைகுனிஞ்சு நிக்கக் கூடாது. சீர் நாங்க கொண்டுபோறோம்." ஊர்ப் பெயரோ என் பெயரோ போடவில்லை. இதற்கென்று புதிதாக வாங்கிய ஒரு போன் நம்பர் மட்டும். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள் கூடும் வெளிநாட்டுக் குழுக்களில் அதைப் பரப்பிவிட்டேன். என்னிடம் சொந்தமாக ஒரு தட்டுகூட இல்லை. ஆனால் போன் அடிக்கத் தொடங்கிவிட்டது.

முதல் ஆர்டர் நாகப்பட்டினத்தில் ஒரு வீடு. தட்டுகளை அழகாகக் கட்டி, குட்டியானை வண்டியில் ஏற்றி, டிரைவரை அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். டிரைவர் நல்ல மனுஷன். வாசலில் வரிசையாக இறக்கி வைத்துவிட்டு, கையெழுத்துப் போடுங்க என்று கேட்டிருக்கிறார். அந்த வீட்டம்மா எனக்குப் போன் போட்டார். "எந்தம்பி அனுப்புனது சீரா, கேஸ் சிலிண்டரா? எறக்கி வச்சுட்டுக் கையெழுத்து கேக்குறான் உங்க ஆளு. எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க." அத்தனை தட்டும் திரும்பி வந்தது. என்னை யாராவது செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. அந்த வாசலில் நின்றவள் நான்தானே! எனக்கே தெரியாமல் போயிற்றே! சீரை யாரும் இறக்கி வைப்பதில்லை. சீர் நடந்து வர வேண்டும், அதுவும் மாமன் வீட்டுச் சொந்தபந்தங்களின் கையில். யார் கையில் வருகிறது என்பதைத்தான் ஊர் பார்க்கும். தட்டில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்.

அன்றிலிருந்து என் தொழில் தட்டு விற்பது இல்லை, தட்டுத் தூக்க ஆள் சேர்ப்பது. ஆர்டர் கொடுக்கும் மாமனிடம் அவன் பெரியப்பா மகள், சித்தி, பங்காளி வீட்டு மருமகள் என்று எல்லோருடைய நம்பரையும் வாங்குவேன். பாதிப் பேர் அவனோடு முறைத்துக்கொண்டு இருப்பார்கள். போன தடவை ஊருக்கு வந்தவன் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை என்பார்கள். சென்ட் பாட்டில் எல்லோருக்கும் கொடுத்தான், எனக்குக் கொடுக்கவில்லை என்பார்கள். நான் நடுவில் நின்று, அவனை விட்டே ஒரு வார்த்தை பேசவைத்துச் சமாதானம் செய்துவைப்பேன். விசேஷத்தன்று தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் எல்லோரும் கூடுவார்கள். அங்கிருந்து மேளத்தோடு நடை. முதல் தட்டில் மஞ்சள் குங்குமத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய செல்போனைச் சாய்த்து வைத்து, வீடியோவில் மாமனைக் கூப்பிட்டுவிடுவோம். தேங்காய்களுக்கு நடுவில் மாமன் முகம் சிரித்துக்கொண்டே தெருவில் வரும். அக்காக்காரி ஆரத்தி எடுத்து அந்தப் போனுக்கும் பொட்டு வைப்பாள். தட்டுத் தூக்க ஒருவரும் வரமாட்டார்கள் என்றால் அந்த ஆர்டரை எடுப்பதில்லை. எத்தனை கொட்டிக் கொடுத்தாலும் எடுப்பதில்லை. இது எங்கள் விதி.

இன்னொன்றும் வைத்திருந்தேன். ஒவ்வொரு மாமனிடமும் சில கேள்விகள் கேட்போம். பிள்ளைக்கு என்ன கலர் பிடிக்கும், என்ன படிக்கிறது, கடைசியாக எப்போது பேசினீர்கள். புடவை எடுக்க இதெல்லாம் வேண்டும் என்று சொல்வேன். உண்மையில் கலர் ஒன்றுதான் வேண்டும். மற்றதெல்லாம் என் வயிற்றெரிச்சலுக்கு. பதில் தெரியாமல் அவர்கள் மென்று விழுங்கும்போது எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும். சிலர் அழுதுவிடுவார்கள். அழட்டுமே. எல்லா மாமனிடமும் நான் என் தம்பியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நடுவில் நாத்தனார் மகள் பெரியவளானாள். அவளுக்குத் தாய்மாமன் யார்? என் வீட்டுக்காரர். விடுவேனா! நூற்றொரு தட்டு. தெரு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பெண்கள். வாசலில் நின்று ஒவ்வொன்றாக வாங்கிக் கை சோர்ந்து அவள் நாற்காலியைக் கேட்டாள். பையைத் திருப்பிப் பாருங்க, எந்த ஊர்ப் பை என்று நான் காதோரம் போய்க் கேட்டேன். அந்தக் கணக்கு அன்றோடு முடிந்தது. நல்லவள்தான், வாய்தான் நீளம். தட்டுத் தூக்க அவளைவிட வேகமாக ஆள் சேர்ப்பவர் இன்றைக்கு என்னிடம் இல்லை.

தம்பி கணக்குதான் பாக்கி. என் மகள் தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் படித்து முடித்து, இணையப் பக்கத்தை ஒழுங்காக மாற்றி அமைத்து, போன் பேசும் வேலையையும் அவளே எடுத்துக்கொண்டாள். கணீரென்று பேசுவாள். யாராக இருந்தாலும் சார்தான். அவளுக்கும் ஒரு நல்ல இடம் அமைந்தது. திருவாரூரில் மண்டபம். தம்பிக்குப் பத்திரிகை அனுப்ப வேண்டும் என்று வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். தாராளமாக அனுப்புங்கள் என்றேன். தாய்மாமன் என்று அவன் பெயரைக் கொட்டை எழுத்தில் போடச் சொன்னேன். இத்தனை வருஷம் கழித்து என்னதான் செய்கிறான் பார்க்கலாம். வரவில்லையென்றால் ஊர் காறித் துப்பும். வந்தால் நான் கேட்கிற கேள்வி இருக்கிறது.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாளே இருக்கும்போது ஒரு மதியம் மகள் கம்ப்யூட்டர் முன்னாலிருந்து என்னை அழைத்தாள். அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது. புது ஆர்டர், சிங்கப்பூரிலிருந்து. இடம், எங்கள் மண்டபம். பெண்ணின் பெயர், அவள் பெயர். எங்கள் பட்டியலில் இருப்பதிலேயே சின்ன சீர் ஐந்து தட்டு. அதைக் கேட்டிருந்தான் தம்பி. இது அவன் அக்கா நடத்தும் கடை என்று அவனுக்குத் தெரியாது. யாரோ நண்பன் காட்டியிருப்பான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. போன் போடு, வழக்கமாகக் கேட்பதைக் கேள், ஸ்பீக்கரில் போடு என்றேன். அவள் போட்டாள்.

வணக்கம் சார் என்று தொடங்கி, பெண்ணுக்கு என்ன கலர் பிடிக்கும் என்று கேட்டாள். ஏதாவது ஒன்று நீங்களே பார்த்துப் போடுங்கள் என்றான். என்ன படித்திருக்கிறார்கள் என்றாள். அதெல்லாம் எதற்கம்மா என்றான். பெண்ணோடு கடைசியாக எப்போது பேசினீர்கள் என்று கேட்டாள். தன் மருமகளோடுதான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம் என்று தெரியாமல், சின்னப் பிள்ளையாக இருந்தபோது பேசியது என்றான். உங்கள் பக்கம் தட்டுத் தூக்க யார் வருவார்கள் என்றாள். யாரும் வேண்டாம், மண்டபத்தில் கொடுத்துவிட்டால் போதும் என்றான். அப்படிக் கொடுத்தால் பெண்ணின் அம்மா சங்கடப்படுவார்களே சார் என்றாள்.

"எங்கக்கா ஒண்ணும் சொல்லாதும்மா" என்றான். குரலில் அதே சிரிப்பு. "கொறைஞ்சா அதுவே வாங்கி வச்சு, தம்பி அனுப்புனான்னு சொல்லிக்கும். இந்தப் பொண்ணு வயசுக்கு வந்தப்பவும் அப்படித்தான் பண்ணுச்சு. பொடவைகூட அதுவேதான் எடுத்துச்சு."

மகள் என்னைப் பார்க்கவில்லை. ஹலோ, ஹலோ என்று அவன் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கு அந்தப் போனைப் பிடுங்கி அவன் பரம்பரையையே இழுத்து வைய வேண்டும் போல் இருந்தது. அவன் பரம்பரைதான் என் பரம்பரையும். வாயை மூடிக்கொண்டேன்.

"சரிங்க மாமா" என்றாள் மகள். "வச்சிடுறேன்."

வைத்துவிட்டாள். உடனே திரும்ப அடித்தது. நின்றது, மறுபடி அடித்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். அந்த ரோஸ் புடவை நீ எடுத்ததா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, தட்டுத் தூக்க ஆள் இல்லாததால் தங்கள் ஆர்டரை ஏற்க இயலவில்லை, முன்பணம் திருப்பி அனுப்பப்படுகிறது என்று எல்லோருக்கும் அனுப்புகிற அதே பதிலை அனுப்பிவிட்டாள். பிறகு என்னிடம், "இந்தத் தடவ நீ எதையும் வாங்கி வச்சு மூடாத. இல்லன்னா இல்லன்னே இருக்கட்டும்" என்றாள்.

மூடவில்லை. கல்யாணத்தன்று மாமன் சீர் என்று ஒரு தட்டும் வரவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம், தம்பி அனுப்பவில்லை என்று நேராகச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு மார்புப் பாரம் இறங்கியது. ஊருக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. கல்யாணத்துக்கு வந்திருந்த அவன் பெண்டாட்டி வீட்டுச் சனம் இலை போடுவதற்கு முன்பே நழுவிவிட்டது.

வீடியோக்காரரிடம் ஒரு வேலை சொல்லியிருந்தேன். எல்லாக் கல்யாணத்தையும் இணையத்தில் நேரலையாகப் போடுவார் அவர். பொதுவாக ஒன்று போகட்டும், தனியாக இன்னொரு இணைப்பு ஒரே ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள் என்று தம்பியின் நம்பரைக் கொடுத்திருந்தேன். முகூர்த்த நேரம் நெருங்கும்போது அவர் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அந்தத் தனி இணைப்பில், பார்த்துக்கொண்டிருப்பவர் ஒன்று என்று காட்டியது. அவன்தான்.

பெண்ணுக்குப் பட்டம் கட்டத் தாய்மாமனைக் கூப்பிடுங்கோ என்று ஐயர் மைக்கில் சொன்னார். நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் மேடையேறினேன்.

"மாமன் சிங்கப்பூர்ல உக்காந்து பாத்துக்கிட்டிருக்கான் சாமி" என்றேன், மைக்கில் விழும்படி. "நான் கட்டுறேன்."

வழக்கம் இல்லையே என்று ஐயர் இழுத்தார். மகள் நெற்றியை என் பக்கம் நீட்டினாள். கட்டினேன். முடிச்சை நிதானமாக, இறுக்கமாகப் போட்டேன். போட்டுவிட்டு நேராக அந்தக் கேமராவைப் பார்த்தேன். பார்த்துக்கொள்ளடா, நீ நிற்க வேண்டிய இடம் இதுதான் என்று மனசுக்குள் சொன்னேன். இறங்கி வந்து திரையைப் பார்த்தேன். ஒன்று அப்படியே இருந்தது. போகாமல் பார்த்துக்கொண்டிருந்தான். தாலி ஆசீர்வாதத்துக்குத் தட்டில் சுற்றி வர ஆரம்பித்துவிட்டது.

அந்தத் தனி இணைப்பை இப்போதே நிறுத்திவிடுங்கள் என்று வீடியோக்காரரிடம் சொன்னேன். அவர் திகைத்தார்.

"அக்கா, தாலி கட்டப் போறாங்க. ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்காரே."

"அதனாலதான் சொல்றேன்."

அவர் நிறுத்தினார். ஐயர் கெட்டிமேளம் என்றார். நான் அட்சதையை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனேன்.